புல்லைப் படித்தவர்கள்



சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து மாட்டுங்காவிலிருந்து திரும்புகையில், தாராவியில் வாழும் நண்பர் ஒருவர் என்னுடன் நடந்து வந்தார். நெல்லைச் சீமையினர், வயதில் மூத்தவர், அண்ணாச்சி என்றே அவரை அழைப்பது என் வழக்கம். அவருடைய மூத்த மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருக்கிறாள். கல்லூரியில் தாவர இயல் பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். அண்ணாச்சிக்கோ அதில் உடன்பாடு இல்லை. வணிகவியல் படித்தால் எங்கேனும் கணக்கெழுதும் வேலையாவது கிட்டும் என்பது அவர் எண்ணம்.

"புல்லையும் பூண்டையும் எண்ணிப் பார்க்கவா தம்பி, கடன் வாங்கிப் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவது? நீயே சொல்" என்றார்.

அந்நேரத்தில் எனக்குத் தக்க விடை தோன்றவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்கு வந்தவன் நான். கல்லூரிப் படிப்பைப் பற்றிப் பெரியவர் ஒருவரிடம் வாதாட எனக்கு என்ன தகுதி என்று வாளா இருந்துவிட்டேன். ஆயினும் அவர் கேட்ட கேள்வி நெஞ்சை விட்டு அகலவில்லை. விடுமுறை நாட்களில் நூல்நிலையத்தில் அமர்ந்து, புல்லை எண்ணியவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். இத்திங்கள் இப்பகுதியில் எழுதுவது அண்ணாச்சிக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட விடையே ஆகும். மற்றையோரும் படிக்கலாம், ஏனெனில் இது நம் எல்லோருடைய அடுப்பங்கரைச் செய்தி.

நான் பணிபுரியும் சரக்கு அலுவலகத்தில் அடிக்கடி பதிவாகும் சொற்களுள் ஒன்று கோதுமை. வடக்கேயிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. ஊரில் இருந்தவரை நம் வீடுகளில் கோதுமை என்பது நோயாளிக்குக் கஞ்சி; அல்லது விருந்து நாளில் பூரி. மும்பைக்கு வந்தபின் நம் பிள்ளைகளுக்கு இரவு உணவே சப்பாத்தி என்றாகிவிட்டது. அந்தக் கோதுமை ஒரு புல். நெல்லும் புல்லே; கேழ்வரகும் கம்பும் கரும்பும் மூங்கிலும் புல்லினமே. தொல்காப்பியர் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுத்துக் கூறினார். அவ்விதிப்படி வானளாவிய பனையும் தென்னையுங்கூடப் புல்லே. ஆகவே புல் என்பது இகழ்ச்சிக்குரிய சொல்லன்று. உலகம் உண்ணும் சோற்றில் பெரும்பங்கு புல் தந்தது.

இனி, எண்ணுவது எதை என்று பார்ப்போம்.

உயிருள்ளவற்றின் உடல் நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் அதன் உட்கருவினுள்ளே சிறு நூல் துண்டுகள் போன்றவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும். சாயத்தில் தோய்த்தால் அவை நன்கு நிறம் பற்றிக்கொள்ளும். ஆதலின் நிற உடல் என்று பொருள்படும் குரோமோசோம் என்னும் பெயரை அவற்றுக்கு இட்டனர். தலைமுறை தலைமுறையாக வரும் குணங்களெல்லாம் இவற்றின்மேல் வரிசையாக அமைந்திருக்கின்றன. மனிதனுக்கு இவை 46, நெல்லுக்கு 24, சப்பாத்திக் கோதுமைக்கு 42. எல்லாம் இணை இணையாக இருக்கும். ஓர் இணையில் ஒன்று தாய் வழியும் மற்றொன்று தந்தை வழியும் வந்ததாகும்.

மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையைத் தேடிச் சேர்ந்து, பிறகு பாதிப் பாதியாகப் பிரியும். எங்கள் வண்டிகளில் ஒரு பெட்டியின் கொக்கி அதற்கேற்ற கொக்கியோடுதான் மாட்டும். வேறு வகைப் பெட்டியோடு மாட்டாது. அதுபோலவே இங்கும். இணை கிடைத்தால் பங்கீடு ஒழுங்காக நடக்கும். கிடைக்காவிடின் பங்கீடு குழம்பும். அச்செடி விதை தராமல் மலடாய்ப் போகும். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை ஈனாமைக்கும் காரணம் இதுவே.

கோதுமையின் 42 குரோமோசோம்களை எண்ணிய அறிஞர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். கோதுமை இனத்தில் 14 உடையதும் உண்டு. 28 உடையதும் உண்டு. 42 உடையதும் உண்டு. எல்லாம் ஏழின் மடங்கு. நாம் சம்பா கோதுமை என்றும், இங்கே மராட்டியர் கப்ளி என்றும் வழங்குவது 28 உடைய வகை. அஃது இரண்டு காட்டுப் புற்கள் கலந்து பிறந்தது. பின்னர் அவ்வகைக் கோதுமை விளைந்த வயலருகே முளைத்திருந்த வேறொரு காட்டுப்புல்லின் மகரந்தம் அதன்மேல் விழுந்தது. ஆங்கிலத்தில் அதனை ஆட்டுப்புல் என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். காஸ்பியன் கடலை அடுத்த நிலப்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. அக்கலப்பில் குரோமோசோம்களின் எண்ணிக்கை இயற்கையாகவே இரட்டித்து, ஒவ்வொன்றுக்கும் இணை கிடைத்தமையால் மலடு நீங்கியது. நம் சப்பாத்திக் கோதுமை பிறந்தது.

இந்த உண்மையைக் கண்டறிந்த கதை இன்னும் சுவையானது. 1944-ஆம் ஆண்டு. ஜப்பானும் அமெரிக்காவும் ஒன்றையொன்று அழிக்கக் கொடிய போர் புரிந்துகொண்டிருந்த காலம். ஜப்பானில் கிஹாரா என்பவரும், அமெரிக்காவில் மக்ஃபாடன், சியர்ஸ் என்னும் இருவரும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, அந்த மூன்றாவது புல் இதுவே என்று ஒரே முடிவுக்கு வந்தனர். துப்பாக்கிகள் முழங்கிய அவ்வேளையிலும் இருபுறத்தும் சிலர் அமைதியாகப் புல்லை எண்ணிக்கொண்டிருந்தனர்.

"சரி, கோதுமையின் குலம் கோத்திரம் தெரிந்தது, அதனால் யாருக்கு வயிறு நிறைந்தது?" என்று அண்ணாச்சி கேட்பார். அதற்கும் விடை உண்டு. அந்த விடையில் நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு.

கோதுமைக்குக் கொடிய பகை துரு நோய். இரும்பில் துருப் பிடித்தாற்போல் இலையிலும் தண்டிலும் செந்நிறப் பொடி தோன்றும். இது ஒரு வகைப் பூஞ்சை. தண்டைப் பற்றும் வகை முற்றும்போது கருநிறம் கொள்வதால் கருந்துரு எனப்படும். பயிர் ஒடிந்து விழும். மணி சுருங்கிப் பதராகும். பண்டை உரோமானியர் இந்நோய்க்கு அஞ்சி, ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் துருவுக்கென்றே ஒரு தெய்வத்துக்கு விழா எடுத்துப் பலியிட்டனர். நம் நாட்டில் 1946-47-இல் நடு இந்தியாவின் கோதுமை வயல்களைக் கருந்துரு சூறையாடியது. வங்கப் பஞ்சம் கழிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த நேரம் அது.

சமவெளியில் கோதுமை குளிர்காலப் பயிர். அறுவடைக்குப் பின் வரும் கடுங்கோடையில் இப்பூஞ்சை பிழைக்க இயலாது. அப்படியாயின் ஒவ்வோர் ஆண்டும் அஃது எங்கிருந்து மீண்டும் வருகிறது? ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே. ஸி. மேத்தா என்பவர் இக்கேள்விக்கு விடை காணத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பல ஊர்களிலும் காற்றில் வைத்து, அவற்றில் ஒட்டிய பூஞ்சைத் தூளை எண்ணிப் பார்த்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு முட்செடியின் வழியே இந்நோய் பரவுவதுண்டு. இந்தியாவில் அதற்குப் பங்கில்லை என்றும், மலைகளில் கோடையிலும் பச்சையாக நிற்கும் கோதுமையிலேயே நோய் தங்கிப் பிழைக்கிறது என்றும் அவர் காட்டினார். தெற்கே அத்தகைய தங்குமிடங்கள் நீலகிரியும் பழனி மலையும். படகர் முதலிய மலைவாழ் மக்கள் அங்கே நெடுங்காலமாகக் கோதுமையும் பார்லியும் பயிரிட்டு வந்தனர்.

1970-களில் எஸ். நாகராஜன் முதலிய அறிஞர்கள் செயற்கைக்கோள் அனுப்பிய மேகப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து, அப்பூஞ்சைத் தூள் வடக்கே செல்லும் வழியையும் துலக்கினர். நவம்பர் மாதத்தில் வங்கக் கடலில் எழும் புயற்காற்று நீலகிரி, பழனி மலைகளின் மேலிருந்து அத்தூளை வாரிச் சென்று, நடு இந்தியாவின் இளம்பயிர்மீது மழையோடு மழையாக இறக்கிவிடுகிறது. நம் மலைகளிலிருந்து வடக்கே சென்றவை தேயிலையும் தைலமும் மட்டுமல்ல என்று இதனால் அறிகிறோம்.

நோய் எவ்வழி வருகிறது என்று தெரிந்தாயிற்று. காற்றைத் தடுக்க முடியுமா? முடியாது. ஆதலின் நோயைத் தாங்கும் கோதுமையை உருவாக்க வேண்டும். தாங்கும் வலிமை எங்கே கிடைக்கும்? நாம் உழுது, நீர் பாய்ச்சி, களை எடுத்துச் செல்லமாக வளர்த்த பயிரில் அது குறைந்து போயிற்று. எவரும் காப்பாற்றாமல் வெயிலிலும் பனியிலும் தானே போராடி நின்ற காட்டுப்புல்லில் அது நிறைய இருந்தது. குரோமோசோம் எண்ணுவோருக்கு இங்கேதான் வேலை வந்தது.

காட்டுப்புல்லைக் கோதுமையோடு கலந்தால் நல்லதோடு கெட்டதும் சேர்ந்தே வரும். காட்டுப்புல்லின் மணி சிறிது. கதிர் முற்றியதும் தானே உடைந்து தரையில் சிதறும். அன்றியும் பல புற்களின் குரோமோசோம்கள் கோதுமையின் குரோமோசோம்களோடு இணை சேர்வதில்லை; விதை பிடிப்பதில்லை. இவ்விடத்தில் உதவிய மருந்து கோல்ச்சிசின் என்பது. குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கச் செய்யும் அதன் ஆற்றலை 1937-இல் அறிந்தனர். இரட்டித்தால் ஒவ்வொன்றுக்கும் இணை கிடைக்கும்; மலடு நீங்கும். அந்த மருந்துப் பொருள் நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உண்டு என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும்.

முன்னர்க் கூறிய சியர்ஸ் 1956-இல் ஓர் அரிய செயலை முடித்தார். துரு நோய் அண்டாத ஆட்டுப்புல் வகை ஒன்று சப்பாத்திக் கோதுமையோடு நேரே கூடவில்லை. ஆகவே அதை முதலில் 28 குரோமோசோம் உடைய கோதுமையோடு கலந்து, அந்தக் கலப்பைச் சப்பாத்திக் கோதுமையோடு கலந்தார். இறுதியில் கோதுமையின் குரோமோசோம்களோடு காட்டுப்புல்லின் ஒரே ஒரு குரோமோசோம் மட்டும் கூடுதலாக உள்ள செடி கிடைத்தது. அந்த ஒன்றிலும் வேண்டாத குணங்கள் பல இருந்தன. எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். குரோமோசோம்கள் துண்டாகி, காட்டுப்புல்லின் சிறு துண்டு கோதுமையின் குரோமோசோமோடு ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட செடிகளை வளர்த்துச் சோதித்ததில், வேண்டிய துண்டு மட்டும் ஒட்டி, வேறு குறை வெளியே தெரியாத செடி ஒன்று அகப்பட்டது. ஆறாயிரத்தில் ஒன்று! அந்தப் பொறுமையை எண்ணிப் பாருங்கள்.

இதைப் போலவே கருங்கடலை ஒட்டிய உவர் நிலங்களில் உயர்ந்து வளரும் ஒரு புல் உண்டு. அதற்குக் குரோமோசோம் 70. அதன் ஒரு துண்டு கோதுமையில் ஏறியபோது தண்டுத் துருவையும் இலைத் துருவையும் ஒருங்கே தாங்கும் வலிமை வந்தது. ஆனால் அத்துண்டோடு மணிக்குச் செந்நிறமும் சேர்ந்து வந்தது. நம் நாட்டில் சப்பாத்திக்குச் செந்நிறக் கோதுமையை விரும்புவார் இலர். பின்னர் அச்செந்நிறம் நீங்கிய வகைகளை வெளிநாட்டு அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். குன்னூரை அடுத்த வெல்லிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் துரு நோய் இயற்கையாகவே குடியிருக்கும் மலை. ஆகையால் ஒரு கோதுமை நோயைத் தாங்குமா தாங்காதா என்று பார்க்க அதைவிடச் சிறந்த களம் வேறில்லை. சப்பாத்திக்குப் பெயர் பெற்ற ஸி 306 என்னும் பழைய வகையோடு அந்தப் புல்லின் துண்டைச் சேர்த்து, மீண்டும் மீண்டும் ஸி 306-உடனேயே கலந்து, காட்டுக் குணங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, எச்.டபிள்யூ. 2004 என்னும் வகையை அங்கே உருவாக்கினர். வடக்கே நோயை அனுப்பிய அதே மலையிலிருந்து மருந்தும் சென்றது.

கோதுமைக்கு முன்பே இக்கலையில் கை தேர்ந்தது நம் கோயம்புத்தூர். அங்கே 1912-இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. பார்பர் என்னும் ஆங்கிலேயரும் அவருக்குத் துணையாயிருந்து பின்னர் தலைமை ஏற்ற டி. எஸ். வெங்கடராமனும், வெள்ளை என்னும் இனிய கரும்பை ஆற்றங்கரையில் தானே முளைக்கும் பேய்க்கரும்போடு கலந்தனர். பட்டினத்தடிகள் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பர். கோயம்புத்தூரில் அஃது இனிக்கவில்லை. ஆனால் இனிக்கும் கரும்புக்குத் தன் உரத்தைக் கொடுத்தது. அக்கலப்பில் பிறந்த கோ 205 என்னும் வகை 1918-இல் பஞ்சாபுக்குச் சென்றது. பிறகு வந்த கோ வகைகள் வட இந்தியக் கரும்பு வயல்களின் முகத்தையே மாற்றின.

அந்நிலையத்துக்கு 1934-இல் ஓர் அம்மையார் வந்தார். அவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றவர். பெண்ணுக்கு மணம் முடிப்பதே கடமையின் முடிவு என்று கருதிய காலத்தில், அவர் படிப்பைத் தெரிந்துகொண்டார்; இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. கரும்பின் குரோமோசோம்களையும் பேய்க்கரும்பு முதலிய அதன் உறவுப் புற்களின் குரோமோசோம்களையும் எண்ணினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் பணிபுரிந்து, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1951-இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர இயல் அளவாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 1984-இல் சென்னையில் மறைந்தார். புல்லை எண்ணிய பெண் இவர், அண்ணாச்சி.

வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. உகாண்டா நாட்டில் 1998-இல் புதிய கருந்துரு இனம் ஒன்று தலைகாட்டிற்று. ரை என்னும் புல்தானியத்திலிருந்து கோதுமைக்கு வந்து, உலகெங்கும் நம்பப்பட்ட பாதுகாப்பை அது உடைத்தது. 2006-இல் கென்யாவில் அதன் வழிவந்த இனமொன்று, நான் மேலே கூறிய உவர்நிலப் புல்லின் பாதுகாப்பையும் வென்றது. பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கும். நாமும் புதிய துணையைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அத்துணை இன்னும் பெயர் எழுதாத ஏதோ ஒரு புல்லில் இருக்கலாம். அதை எடுத்து எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கிருந்து வருவார்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, செடியைப் படிக்கிறேன் என்று சொல்லும் ஒரு பிள்ளையிடமிருந்தே வருவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தை, நாம் வெடியோடும் மின்சாரத்தோடும் மட்டுமே சேர்த்து நினைக்கிறோம். அங்கேயும் கதிர் பாய்ச்சிப் பயிர்களைத் திருத்துகின்றனர். 1985-இல் மராட்டிய உழவர்களுக்கு வந்த டி.ஏ.யு. 1 என்னும் உளுந்து அங்கே தொடங்கிய ஆராய்ச்சியின் பயன். நம் வீட்டு இட்லி மாவில் அவ்வுளுந்து எத்தனை முறை அரைபட்டிருக்குமோ!

தாவர இயல் படித்தால் மறுநாளே வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் பொய்யாகும். பட்டத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் பயில வேண்டும். ஊதியம் வரக் காலம் ஆகும். ஏழைக் குடும்பத்துக்கு அது சிறு சுமையன்று. வணிகவியல் இழிந்தது என்பதும் என் கருத்தன்று. கணக்கெழுதியே நான் சோறு உண்கிறேன். ஆயினும் விருப்பம் இல்லாத கணக்கை நாள் முழுதும் எழுதுவது எத்தகையது என்பதை அறிந்தவன் என்னும் முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என் பதினாறாம் வயதில் எனக்காக ஒரு வார்த்தை பேச ஒருவரும் வாய்க்கவில்லை. யாரையும் நான் குறை சொல்லவில்லை. வீட்டு நிலை அப்படி இருந்தது.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருக்கின்றன என்று அப்பெண் என் மனைவியிடம் கூறியிருக்கிறாள். வரும் ஞாயிறு மாலை அண்ணாச்சி வீட்டுக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். அதற்குள் இவ்விதழ் அவர் கைக்குக் கிடைத்துவிடும். படித்த பின்னும் அவர் மறுத்தால் நான் மேலும் வற்புறுத்த மாட்டேன். மகள் அவருடையவள், கடனும் அவருடையது. ஆனால் அன்று வழியில் அவர் கேட்ட கேள்விக்கு விடை இல்லை என்று மட்டும் இனி அவர் நினைக்க வேண்டா.